அப்பீலில் புதுச் சாட்சி வருமா?

திண்டிவனத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒருவருக்கு இரண்டு வருஷம் தண்டனை ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவர் எங்கே போக வேண்டும்? விழுப்புரம் செஷன்ஸ் கோர்ட்டுக்கு. 40 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அங்கேயும் தோற்றால் சென்னை ஹைகோர்ட், அதற்கும் மேலே டெல்லி. "மேல்கோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்று நம் ஊரில் டீக்கடை வரைக்கும் சகஜமாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குள்ளே ஒரு நம்பிக்கை இருக்கிறது. மேல்கோர்ட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள், சொல்லாமல் விட்டதைச் சொல்லலாம், கொண்டுவராத சாட்சியைக் கொண்டுவரலாம் என்கிற நம்பிக்கை.

நடப்பது அப்படி இல்லை. அப்பீல் என்றால் பெரும்பாலும் காகிதம்தான். கீழ்க்கோர்ட்டில் யார் என்ன சொன்னார்கள், எந்த ஆவணத்துக்கு என்ன நம்பர் போட்டார்கள், நீதிபதி என்ன எழுதினார் என்று எல்லாம் டைப் அடித்த ஒரு கட்டு வரும். இரண்டு பக்க வக்கீல்களும் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். மேல்கோர்ட் நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. எந்தக் கேள்விக்கு சாட்சி தடுமாறினார், எந்த இடத்தில் அழுதார் என்பதெல்லாம் கட்டில் அநேகமாக இருக்காது.

சினிமா பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் குழப்பம் வரும். 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் ஹைகோர்ட்டிலேயே சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்களே? அது ஆட்கொணர்வு மனு. காணாமல் போனவரைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கிற வழக்கு. அதிலேயே சாட்சி விசாரிப்பது அபூர்வம், படத்திலும் வக்கீல் அதற்காகத் தனியாகப் போராட வேண்டியிருக்கிறது. தண்டனையை எதிர்த்துப் போடுகிற அப்பீல் வேறு ஜாதி.

ஆனால் அப்பீலிலும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 391-வது பிரிவு. 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 428. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 432. மூன்று சட்டத்திலும் விஷயம் ஒன்றுதான். அப்பீலைக் கேட்கிற கோர்ட் கூடுதல் சாட்சியம் அவசியம் என்று நினைத்தால், காரணத்தை எழுதிவைத்துவிட்டுத் தானே அதைப் பதிவு செய்யலாம், இல்லையென்றால் கீழ்க்கோர்ட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். அப்போது குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய வக்கீலோ கூடவே இருக்க உரிமை உண்டு. குறுக்கு விசாரணையும் செய்யலாம்.

இது ஹைகோர்ட்டுக்கு மட்டும் உள்ள அதிகாரம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அப்பீல் கேட்கிற எந்தக் கோர்ட்டுக்கும் உண்டு. விழுப்புரம் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் உண்டு. விழுப்புரத்தில் தண்டனையும் அப்பீலும் ஒரே ஊரிலேயே முடிவதை சமீபத்தில் தமிழ்நாடே பார்த்தது. முன்னாள் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸுக்குப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கொடுத்த பாலியல் தொல்லைப் புகாரில் 2023 ஜூன் 16 அன்று தலைமைக் குற்றவியல் நடுவர் கோர்ட் மூன்று வருஷம் தண்டனை கொடுத்தது. அப்பீலைக் கேட்ட மாவட்ட முதன்மை அமர்வு கோர்ட் 2024 பிப்ரவரி 12 அன்று தண்டனையை உறுதி செய்தது. போலீஸில் அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவரும் அப்பீலுக்கு விழுப்புரத்திலேயேதான் நிற்க வேண்டும். அது பிடித்திருக்கிறது, இல்லையா?

சரி, ஜன்னல் என்றோமே, அதை யாராவது நிஜமாகத் திறந்திருக்கிறார்களா?

திறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கில்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த என்ஜினியரிங் பட்டதாரி கோகுல்ராஜ், கூடப் படித்த ஒரு பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். கோகுல்ராஜ் தலித். அந்தப் பெண் வேறு சாதி. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது, தற்கொலை போலத் தோன்றும்படி. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் தலைவர் யுவராஜும் அவருடைய ஆட்களும் கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கடத்திப்போய்க் கொன்றார்கள் என்பது வழக்கு. நாமக்கல்லில் நடந்துகொண்டிருந்த விசாரணை, கோகுல்ராஜின் அம்மா கேட்டுக்கொண்டதன் பேரில் மதுரை சிறப்பு கோர்ட்டுக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை, 5 பேர் விடுதலை.

இந்த வழக்கில் கோயிலில் நடந்ததை நேரில் பார்த்த ஒரே ஆள், கூடப் போன அந்தத் தோழிதான். ஆரம்பத்தில் அவர் மாஜிஸ்திரேட் முன்னால் 164-வது பிரிவில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஆனால் கோர்ட்டில் கூண்டில் ஏறியபோது எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். பத்திரிகைகள் 'பிறழ்சாட்சி' என்று எழுதுவது இதைத்தான். 164 வாக்குமூலம் மாஜிஸ்திரேட்டிடமே கொடுத்ததாக இருந்தாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் தண்டிக்க முடியாது. கூண்டில் சொல்வதுதான் சாட்சியம். மற்றது அதற்கு முட்டுக்கொடுக்கவோ அதோடு முரண்படுகிறது என்று காட்டவோதான் உதவும். கீழ்க்கோர்ட் மிச்சச் சான்றுகளை, முக்கியமாகக் கோயிலின் சி.சி.டி.வி. பதிவை வைத்துத் தீர்ப்பு சொன்னது.

தண்டனை பெற்றவர்கள் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்கு அப்பீல் போனார்கள். கேட்டது நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ். சாதாரணமாகக் கட்டைப் படித்து, வாதங்களைக் கேட்டு, தீர்ப்பை ஒத்திவைத்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் 2022 நவம்பரில் அந்தத் தோழியை மறுபடி கோர்ட்டுக்கு வரவழைத்தார்கள். அப்பீலில்! ஏழு வருஷம் கழித்து!

நவம்பர் 25. ஹைகோர்ட்டில் அந்தப் பெண் கூண்டில். திரையில் திருச்செங்கோடு கோயில் சி.சி.டி.வி. காட்சி ஓடுகிறது. நீதிபதிகளே கேட்கிறார்கள். அந்தப் பையன் யார்? கோகுல்ராஜ் என்கிறார். பக்கத்தில் வருகிற பெண் யார்? தெரியவில்லை என்கிறார். அது தான் இல்லை என்கிறார். யோசித்துவிட்டு வரச்சொல்லி ஐந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். நவம்பர் 30 அன்றும் அதே பதில். நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்க உத்தரவானது.

அதோடு நிற்கவில்லை. 2023 ஜனவரியில் இரண்டு நீதிபதிகளும் திருச்செங்கோடு போய்க் கோயிலையே நேரில் பார்த்தார்கள். ஸ்தலத்தைப் பார்ப்பது சாட்சியம் ஆகாது, ஏற்கனவே உள்ள சாட்சியத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளத்தான் அது. ஆனாலும் மலைக்கோயில் படி ஏறிப் பார்த்தவருக்கும், வரைபடத்தில் மட்டும் பார்த்தவருக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

2023 ஜூன் 2 அன்று தீர்ப்பு வந்தது. யுவராஜுக்கு சாகும்வரை ஆயுள் தண்டனை உறுதி. இரண்டு பேருக்கு மட்டும் ஆயுள் தண்டனை ஐந்து வருஷமாகக் குறைந்தது. ஐந்து பேர் விடுதலையானதிலும் மாற்றம் இல்லை.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை தெரியும். அவ்வளவு தூரம் கூப்பிட்டு விசாரித்த அந்தச் சாட்சியிடமிருந்து அரசுத் தரப்புக்குச் சாதகமாக ஒன்றும் வரவில்லை. தண்டனை நின்றது மற்ற சான்றுகளின் பலத்தில். அப்படியானால் கூப்பிட்டது வீணா? வீண் என்று சொல்ல முடியாது. அவர் ஒருவேளை, "ஆமாம், நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். ஆனால் இவர்கள் யாரும் அங்கே வரவில்லை" என்று சொல்லி அது நம்பும்படியும் இருந்திருந்தால்? பத்துப் பேரின் ஆயுள் தண்டனை ஆட்டம் கண்டிருக்கும். என்ன பதில் வரும் என்று தெரியாமலே கேட்ட கேள்வி அது. அதனால்தான் அது விசாரணை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொய் சொன்னார் என்று கோர்ட்டே கருதிய பிறகு அவருக்காக யாரும் வாதாட முடியாது. ஆனாலும், சம்பவம் நடந்தபோது அவர் அப்போதுதான் காலேஜ் முடித்தவர். இதைப் படிக்கிற பலருடைய வயது. நண்பனைக் கண்ணெதிரே கூட்டிப்போய்விட்டார்கள், அவன் பிணமாகத்தான் கிடைத்தான். அதற்கப்புறமும் அதே ஊரில், அதே சொந்தபந்தத்துக்குள் குடியிருக்க வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்க நாடு முழுவதற்குமான ஒரு திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று அமலாக்கச் சொன்னதே 2018 டிசம்பரில்தான். அதற்கு மூன்றரை வருஷம் முன்னால் ஒரு பெண் மாஜிஸ்திரேட்டிடம் போய் உண்மை சொன்னாரே, அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது. பிறகு அது ஏன் மாறியது என்பதை அவமதிப்பு நோட்டீஸால் கண்டுபிடிக்க முடியாது.

வட இந்தியாவில் இதற்கு முன்னோடி பெஸ்ட் பேக்கரி வழக்கு. 2002 மார்ச் 1 அன்று வடோதராவில் 14 பேர் இறந்தார்கள். 2003-இல் 21 பேரும் விடுதலை, ஏனென்றால் சாட்சிகள் வரிசையாகப் பல்டி. மிரட்டினார்கள், அதனால் மாற்றிச் சொன்னோம் என்று அப்புறம் முக்கிய சாட்சி சொன்னார். கூடுதல் சாட்சியம் எடுங்கள் என்று கேட்டதற்கு குஜராத் ஹைகோர்ட் மறுத்துவிட்டது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைக் கடுமையாகக் கண்டித்து, மகாராஷ்டிராவில் மறுவிசாரணை நடத்தச் சொன்னது. 391-ஐப் பற்றி சட்டக் கல்லூரியில் யார் பேச ஆரம்பித்தாலும் இந்தத் தீர்ப்பில்தான் வந்து நிற்பார்கள். (அதே சாட்சி மறுவிசாரணையில் திரும்பவும் மாறினார், 2006-இல் ஒரு வருஷம் ஜெயில் தண்டனை பெற்றார் என்பது இன்னொரு சோகக் கதை.)

இதெல்லாம் பெரிய வழக்குகள். நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது செக் பவுன்ஸ். பி.காம். இரண்டாம் வருஷம் வந்த யாருக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பாடத்தில் அது ஐந்து மார்க் கேள்வி. திண்டிவனம் கோர்ட்டிலோ அது தினசரி வாய்தா. கடனுக்குக் கொடுத்த செக்கில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்பார் ஒருவர். விசாரணை முழுக்கச் சும்மா இருந்துவிட்டுத் தண்டனை ஆனபிறகு அப்பீலில் போய், கையெழுத்து நிபுணரிடம் அனுப்புங்கள், 391-இல் மனு போட்டிருக்கிறேன் என்பார். குஜராத்திலிருந்து இதே மாதிரி ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜனவரி 29 அன்று தீர்ப்பு. கையெழுத்து உன்னுடையது இல்லையென்றால் பாங்கிலிருந்து மாதிரிக் கையெழுத்தின் நகலை வாங்கியிருக்கலாம், பாங்க் அதிகாரியை சாட்சியாகக் கூப்பிட்டிருக்கலாம், விசாரணை நடந்தபோது அதைச் செய்யாமல் விட்டுவிட்டு இப்போது வந்து கேட்காதே என்று சொல்லிவிட்டது. முயற்சி செய்தும் அப்போது கொண்டுவர முடியாமல் போனது, அல்லது அப்பீல் நடக்கும்போதுதான் தெரியவந்தது, இவை இரண்டுக்குத்தான் இந்தக் கதவு என்பது சாரம்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் விசாரணையில் தூங்கிவிட்டு அப்பீலில் விழித்துக்கொண்டால் எந்த வழக்கும் முடியாது. 138 வழக்கில் பணம் கொடுத்து ஏமாந்தவனும் ஒரு ஆள்தானே, அவனையும் யோசிக்க வேண்டும்.

ஆனால் 'முயற்சி' என்ற அந்த வார்த்தை உறுத்துகிறது. யாருடைய முயற்சி? பாங்கில் கணக்கு வைத்து வக்கீலும் வைத்துக்கொள்ள முடிந்தவனின் முயற்சியும், தனக்கு எந்தக் காகிதம் தேவை என்றே தெரியாதவனின் முயற்சியும் ஒன்றாகிவிடுமா? புனே வழக்கைப் படித்தால் இந்தக் கேள்வி தூங்க விடாது.

1994-இல் புனேயில் ஒரே வீட்டில் கர்ப்பிணி உட்பட ஏழு பேர் கொலை. ராஜஸ்தானிலிருந்து வேலைக்கு வந்த ஒருவனுக்கும் தூக்கு. ஹைகோர்ட் உறுதி செய்தது, 2000-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. போலீஸ் காகிதத்தில் அவன் பெரிய ஆள். அவன் படித்த கிராமத்துப் பள்ளியின் பதிவேட்டிலோ பெயரே கொஞ்சம் வேறு. அந்தப் பதிவேட்டின்படி கொலை நடந்த அன்று அவனுக்கு வயது பன்னிரண்டரை! மறுஆய்வு மனு மறுபடி உயிர்பெற்றபோது உச்ச நீதிமன்றம் 2019-இல் புனே மாவட்ட நீதிபதியை விசாரித்து அறிக்கை தரச் சொன்னது. ஏற்பாடு 391-க்குக் கீழே வராது, சிறார் நீதிச் சட்டத்தின்படி வயது பற்றிய கேள்வியை எந்தக் கட்டத்திலும், எல்லாம் முடிந்தபிறகும்கூட எழுப்பலாம். வேலை என்னவோ அதேதான். மேல்கோர்ட் கட்டை மூடி வைத்துவிட்டுப் புதிதாக ஒரு உண்மையைத் தேடிப் போனது. பதிவேட்டில் இருப்பவனும் ஜெயிலில் இருப்பவனும் ஒரே ஆள்தான் என்று முடிவாகி 2023 மார்ச் 27 அன்று விடுதலை. அதற்குள் 28 வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டான். சிறுவன் என்று அப்போதே தெரிந்திருந்தால் அதிகபட்சம் மூன்று வருஷம்.

அந்தப் பதிவேடு அத்தனை வருஷமும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1997 முதல் ஒரு ஆணையம் இயங்குகிறது. தண்டனை முடிவான வழக்குகளை மறுபடி தோண்டி, புதுச் சான்று கிடைத்தால் அப்பீல் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதுவும் சொதப்பியிருக்கிறது. ஆண்ட்ரூ மால்கின்சன் என்பவர் செய்யாத குற்றத்துக்கு 17 வருஷம் ஜெயிலில் இருந்தார். ஆணையம் இரண்டு தடவை அவர் மனுவைத் தள்ளியது. டி.என்.ஏ. சான்று வந்து 2023 ஜூலையில்தான் தண்டனை ரத்தானது. நம்மிடம் சொதப்புவதற்குக்கூட அப்படி ஒரு அமைப்பு கிடையாது. கைதியோ, அவன் வீட்டாரோ, வக்கீலோ தேடி எடுத்துக்கொண்டு வந்தால் உண்டு.

விழுப்புரத்துக்கே திரும்ப வருவோம். இந்த மாவட்டமே 1993 செப்டம்பரில்தான் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. அதே 1993-இல்தான் அத்தியூரில் ஒரு இருளர் பெண்ணைப் புதுச்சேரி போலீஸ்காரர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. திண்டிவனத்தில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி போன்றவர்கள் விடாமல் அலைந்தார்கள். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாவதற்கே இந்த வழக்குதான் காரணம். விழுப்புரம் கோர்ட் ஆறு போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கொடுத்தபோது வருஷம் 2006. பதின்மூன்று வருஷம்! 2008-இல் ஹைகோர்ட் ஆறு பேரையும் விடுதலை செய்தது.

விடுதலையானவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, இங்கேயும் சொல்லவில்லை. கேட்பது வேறு. பதின்மூன்று வருஷம் கழித்து முடிந்த ஒரு விசாரணையின் கட்டு மேலே போகும்போது அதில் அந்தப் பெண் எத்தனை பக்கம்? இருளர் பேசுகிற பேச்சை யார் யாரோ கேட்டு, கோர்ட் தமிழில் எழுதி, அப்புறம் இங்கிலீஷில் மாற்றி, வக்கீல் அதில் ஒரு முரண்பாட்டைக் கோடு போட்டுக் காட்டும்போது, "இதை நீங்கள் எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் அம்மா?" என்று அப்பீல் கோர்ட் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டால் என்ன? திருச்செங்கோடு வழக்கில் கேட்க முடிந்ததே. பதில் எந்தப் பக்கம் போனாலும் போகட்டும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. கூண்டுக்கு மறுபடி மறுபடி இழுத்தால் பாதிக்கப்பட்ட பெண்களை அதுவே நோகடிக்கும். அரசுத் தரப்பு ஓட்டை விட்டதையெல்லாம் அப்பீலில் அடைத்துக்கொள்ளலாம் என்றானால் உள்ளே இருக்கிறவன் கதி அவ்வளவுதான். அதனால்தான் 1965-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு அளவு வைத்தது. அந்தச் சாட்சியம் இல்லையென்றால் நீதி தவறிவிடும் என்கிற நிலை வேண்டும், ஒரு பக்கத்துக்கு வசதி என்பது மட்டும் போதாது.

திண்டிவனத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி காவலில் இருக்கும் யாருக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அப்பீலுக்கும் உண்டு. அந்த வக்கீலிடம் கட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கூடவே ஸ்கூல் டி.சி., பாங்க் பாஸ்புக், அன்றைக்கு வேலைக்குப் போன இடத்து வருகைப் பதிவேட்டின் நகல், எது இருக்கிறதோ அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். 432-இல் மனு போட முடியுமா என்று கேட்கலாம். பழைய வக்கீல்கள் இன்னும் 391 என்றுதான் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான்.